வல்லாரையும் குருத்தணுவும்: விலை கொடுப்பவர் யார்?

பக்கவாதத்தால் ஒருவர் படுத்துவிட்டால், மருத்துவர் அவரைப் பார்த்து முடிப்பதற்குள் ஆலோசனை சொல்பவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். புறாக்கறி சமைத்துக் கொடுங்கள் என்பார் ஒருவர். இன்ன ஊரில் ஒருவர் எண்ணெய் போட்டு நரம்பை உருவிவிடுகிறார், ஐந்தே நாளில் எழுந்து நடக்கலாம் என்பார் இன்னொருவர். இவை நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகியவை. அண்மைக் காலத்தில் இந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. குருத்தணு ஊசி போட்டு, அதனோடு மூலிகைச் சத்தும் கொடுத்தால் மூளையின் அழற்சி தணிந்து, இழந்த கைகால் திரும்பிவிடும் என்பதே அது. முன்னவற்றுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. அதனால்தான் இது கூடுதல் ஆபத்தானது என்பது என் கருத்து.

பாலிங் மாவட்டத்தில், கோலக்கெட்டிலுக்கு அருகிலுள்ள தோட்டம் ஒன்றில் வாழ்பவர் என் பெரியப்பா. முதலில் பால்மரம் வெட்டியவர். இரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்தபின் குலை அறுத்தவர். ஒருநாள் விடியற்காலையில் அவருக்கு வலக்கை உணர்விழந்தது. இரவுப் பனியில் படுத்ததால் வந்த மரமரப்பு என்று எண்ணெய் தேய்த்தார்கள். மாலையில் வாய் கோணியபிறகே வண்டி தேடினார்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைக்கும் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து உண்டு. அதை நோய் தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன்னால், மூளைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்பதைப் படம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். பாலிங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிப் பெரிய மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் பெரியப்பாவின் நேரத்தைத் தின்றது அந்தச் சாலையன்று, எண்ணெய்ப் புட்டி.

மூன்று மாதங்களுக்குப் பிறகு, ஒருவர் வண்ணத் துண்டறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஊசி மூளையைப் புதுப்பிக்கும், மூலிகை அழற்சியை அணைக்கும் என்றார். “இது மூலிகைதானேம்மா, பக்கவிளைவே கிடையாது” என்று பெரியம்மாவிடம் அடித்துச் சொன்னாராம். கேட்ட தொகைக்குப் பெரியம்மாவின் தாலிக்கொடியோடு ஒரு வட்டிக் கடனும் தேவைப்பட்டது. அன்றிரவே எனக்குத் தொலைபேசி வந்தது. “நீ இதத்தானே தம்பி படிச்ச? போடலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு.”

ஒரே வார்த்தையில் சொன்னேன், வேண்டாம் என்று. அதற்கான காரணம் ஒரே வார்த்தையில் அடங்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குருதி தடைப்பட்ட மூளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளிவந்த ஒரு கணக்கு. இந்த முதல் அழிவோடு கதை முடிவதில்லை. மூளையில் மைக்ரோகிளியா எனும் காவல் அணுக்கள் உள்ளன. செத்த அணுக்களின் சிதறல்களைக் கண்டதும் அவை விழித்து, அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. இரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் கண்டபடி நுழையாமல் காக்கும் தடுப்பு நெகிழ்கிறது. வெளியிலிருந்து வெள்ளணுக்கள் புகுகின்றன. சிதையின் ஓரத்தில் இன்னும் உயிரோடிருக்கும் நரம்பணுக்களும் இந்தக் கலவரத்தில் அடிபடுகின்றன. இதுதான் அழற்சி. மணிக்கணக்கில் தொடங்கி நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நீள்வது. கட்டியைக் கரைக்கும் நேரம் தவறியவர்களுக்கும் உதவ இங்கே ஒரு வாய்ப்பு இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஆவலோடு பார்ப்பது அதனால்தான்.

ஆனால் அழற்சி வெறும் எதிரியன்று. இடிந்த வீட்டில் இடிபாட்டை அள்ளுபவனும் அதுவே, புதிய சுவருக்குக் கல் கொண்டுவருபவனும் அதுவே. அதைக் கண்மூடித்தனமாக அடக்கினால் என்னவாகும் என்பதற்குச் சான்று உண்டு. வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்க என்லிமோமாப் எனும் எதிர்ப்புரதம் 625 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2001-இல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. “அழற்சியை அணைக்கும்” என்று ஒரு துண்டறிக்கை சொன்னால், எந்த அழற்சியை, எந்த நாளில், எவ்வளவு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இனி குருத்தணு. எலும்பு மச்சையிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுக்கப்படும் ஒருவகைக் குருத்தணுக்கள் புதிய நரம்பணுக்களாக மாறி, செத்தவற்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்று முன்பு நம்பினார்கள். இப்போது அந்த எண்ணம் பெரிதும் கைவிடப்பட்டுவிட்டது. கைநரம்பில் ஏற்றப்படும் அணுக்களில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே தங்கிவிடுகின்றன. அவை உதவினால் அது தாம் சுரக்கும் பொருள்களாலும், அனுப்பும் நுண்பைகளாலும் உடலின் தற்காப்பு அணுக்களைச் சாந்தப்படுத்தியே. வீட்டைக் கட்டும் கொத்தனார் அல்ல, கலவரத்தைத் தணிக்கும் ஊர்ப்பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்ப்பெரியவர் மனிதர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? இந்தியாவில் ஐந்து மருத்துவமனைகளில் 120 நோயாளிகளை வைத்து, அவரவர் எலும்பு மச்சை அணுக்களையே ஏற்றிச் சோதித்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவு: பாதுகாப்பானது, ஆனால் பயன் தெரியவில்லை. ஜப்பானில் 206 பேரிடம், நோய் வந்த 18 முதல் 36 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் 120 கோடி அணுக்கள் செலுத்திய சோதனை 2024-இல் அச்சேறியது. 90 நாள் முடிவில் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம் நாட்டிலும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் இதைச் செய்தது. 17 பேர் கொண்ட சிறு சோதனை; 2021-இல் முடிவு வந்தது. மூளையில் சிதைந்த பகுதியின் அளவில் சற்று நம்பிக்கை தரும் மாற்றம் தெரிந்தது. கைகால் இயக்கத்தில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. 17 பேரை வைத்து அதற்குமேல் சொல்லவும் முடியாது. அவர்கள் சொல்லவும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூலிகைப் பக்கம் வருவோம். மஞ்சளில் உள்ள குர்குமின், வல்லாரையில் உள்ள ஏசியாட்டிக்கோசைட் போன்றவை ஆய்வுக்கூடத்தில் அழற்சியைக் குறைப்பது உண்மை. மனிதர் வயிற்றுக்குள் போனபின் குர்குமின் இரத்தத்தில் மிகமிகக் குறைவாகவே சேர்கிறது என்பதும் அதே அளவு உண்மை. கறியில் போட்ட மஞ்சள் மூளைக்குப் போய்ச் சேரும் என்று நினைப்பது, சுங்கைப் பட்டாணிக்குப் பேருந்து ஏறியவர் இலண்டனில் இறங்குவார் என்று நினைப்பதைப் போன்றது. மலாய்க்காரர்கள் பெகாகா என்று ஊலாமோடு உண்ணும் வல்லாரையை, இந்தோனேசியாவில் பக்கவாதத்துக்குப்பின் நினைவாற்றல் குன்றிய 48 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவில், ஃபோலிக் அமிலம் உண்டவர்களைவிட மொத்தத்தில் மேலான பலன் இல்லை; சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதில் மட்டும் வல்லாரை முந்தியது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று செம்பனை. அதன் எண்ணெயில் டோக்கோடிரையெனோல் எனும் வைட்டமின் ஈ வகை உள்ளது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இதயநோய்க்கான ஆபத்துக் கூறுகளும் மூளையின் வெண்பகுதியில் புண்தடங்களும் உள்ள 121 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு இந்தச் சத்தை 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, ஈராண்டுகள் கொடுத்தார்கள். 2014-இல் வெளிவந்த முடிவின்படி வெற்று மாத்திரை உண்டவர்களுக்குத் தடங்கள் வளர்ந்தன. சத்து உண்டவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றன. இது பக்கவாதத்தைக் குணப்படுத்தியது என்பதன்று. ஆயினும் மதிக்கத்தக்க ஆய்வு. குலை அறுத்த என் பெரியப்பாவின் தோளில் ஏறி இறங்கியதும் அதே பழம்தான். சமையல் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால் அந்தச் சத்து கிடைத்துவிடும் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அந்த அளவு சட்டியில் கிடைக்காது, கிடைப்பது கொழுப்பு.

சரி, இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள்? ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்ற எண்ணத்தில்தான். அழற்சி கொந்தளிக்கும் மூளையில் குருத்தணுக்கள் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. மூலிகைப் பொருள் முன்னதாகச் சூழலைத் தணித்து வைத்தால் அவை பிழைக்கலாம். மூலிகைப் பொருளோ தானாக மூளைக்குள் போய்ச் சேர்வதில்லை. குருத்தணு சுரக்கும் நுண்பைகளில் அதை ஏற்றி அனுப்பினால் போய்ச் சேரலாம். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குர்குமின் ஏற்றிய இத்தகைய நுண்பைகளை மூக்கின் வழியே எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளின் மூளையில் அழற்சி தணிந்தது, இரத்தக் குழாய்களின் தடுப்பும் ஓரளவு சீரடைந்தது. அழகான எண்ணம், நல்ல தொடக்கம். என்னிடம் ஆய்வுக்கூடமும் பணமும் இருந்தால் நானும் இதைச் செய்வேன்.

எலிக்கும் என் பெரியப்பாவுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் துண்டறிக்கை மறைக்கிறது. ஆய்வுக்கூட எலி பெரும்பாலும் இளவயது, நோயற்றது, எந்த நிமிடத்தில் அதன் குழாய் அடைக்கப்பட்டது என்று தெரியும். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். பதினைந்து ஆண்டு இனிப்புநீர். விட்டுவிட்டுச் சாப்பிட்ட இரத்த அழுத்த மாத்திரை. பக்கவாதத்துக்காக உலகெங்கும் சோதிக்கப்பட்ட முறைகளை 2006-இல் ஒரு குழு எண்ணிப் பார்த்தபோது 1,026 என்று கணக்கு வந்தது. விலங்குகளில் வென்று மனிதர்களில் தோற்றவை அந்தப் பட்டியலில் ஏராளம். மூலிகையும் விதிவிலக்கன்று. சிங்கப்பூர் தலைமையில், இலங்கை உட்பட ஆசிய நாடுகளில் ஏறத்தாழ 1,100 பேரிடம் சோதிக்கப்பட்ட நியூரோஎய்ட் எனும் சீனப் பாரம்பரிய மருந்து, 2013-இல் வந்த முடிவில் மூன்று மாத அளவில் வெற்று மருந்தை வெல்லவில்லை.

வென்ற மூலிகைப் பொருளே இல்லையா? ஒன்று உண்டு. செலரி விதையில் கண்டறியப்பட்ட பியூட்டில்ஃப்தலைடு. சீனாவில் 2002-இலேயே பக்கவாதத்துக்கு ஒப்புதல் பெற்றது. 1,216 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 56.7 பேருக்கு நல்ல விளைவு. வெற்று மருந்து பெற்றவர்களில் 44 பேருக்கு. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கவனித்துப் படியுங்கள். அது செலரிச் சாறு அன்று. தூய்மைப்படுத்தி, அளவு குறித்த மருந்து. அதைப் பெற்றவர்கள் ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்து, கட்டியைக் கரைக்கும் அல்லது அகற்றும் சிகிச்சையையும் பெற்றவர்கள். மூலிகையின் மிகச் சிறந்த வெற்றிகூட நேரத்தோடு வந்தவருக்குத்தான் கைகொடுத்தது. மற்ற நாடுகளிலும் இதே விளைவு வருகிறதா என்று பார்க்க வேண்டியதும் உண்டு.

ஆகவே என் நிலைப்பாடு இது. குருத்தணுவையும் மூலிகையையும் இணைக்கும் ஆய்வு நடக்கட்டும், நம் மாணவர்கள் அதில் இறங்கட்டும். ஆனால் விடை தெரியாத கேள்விக்கு நோயாளியின் குடும்பம் கட்டணம் கட்டக்கூடாது. முறையான சோதனையில் நோயாளிதான் அறிவியலுக்கு உதவுகிறார். அவர் ஆய்வாளருக்குத் தம் உடலை இரவல் கொடுப்பவர். அவரிடமே வாடகையும் வாங்குவது எந்த ஊர் நியாயம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒப்புதல் பெற்ற இரத்த நோய்கள் போன்றவை தவிர மற்றவற்றுக்குக் குருத்தணுவைச் சோதனைக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்கிறது. நம் சுகாதார அமைச்சும் 2009-இல் குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டி வெளியிட்டது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து தோட்டத்து வீட்டின் திண்ணை வரை தமிழில் வந்து சேரவில்லை. துண்டறிக்கை வந்து சேர்ந்துவிட்டது.

“அப்ப ஒன்னுமே செய்யாம உக்காந்திருக்கச் சொல்றியா?” என்று பெரியம்மா கேட்டார். கூர்மையான கேள்வி. நாள்தோறும் கைகால் பயிற்சி, இரத்த அழுத்த மாத்திரை, அடுத்த அடைப்பைத் தடுக்கும் மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு என்று அடுக்கினேன். தாலிக்கொடியை விற்கத் துணிந்தவருக்கு இவை சப்பென்று இருந்தன. இலவசமாகக் கிடைப்பது பெரிதாக இருக்க முடியாது என்று நம் மக்கள் நினைப்பதை எப்படி மாற்றுவது? துண்டறிக்கைக்காரருக்கு அந்த மனம் தெரியும். படித்த நாம்தான் அதைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறோம். அவர் ஊசி போடவில்லை. என்மேல் கொஞ்ச நாள் வருத்தத்தோடுதான் இருந்தார்.

நம்மவர்களிடையே உள்ள இன்னொரு போக்கையும் சொல்ல வேண்டும். மஞ்சளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தால் போதும், “நம் முன்னோர் அன்றே கண்டது” என்று மேடையில் முழங்கிவிடுகிறோம். முன்னோர் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமைதான் விற்பவருக்கு முதல். இயற்கையானது தீங்கு செய்யாது என்பதைப் பாலிங் பக்கத்துப் பழைய ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். காட்டில் விளையும் காடோங் கிழங்கை நறுக்கி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து நஞ்சு நீக்காமல் தின்றால் உயிருக்கே உலை. அதுவும் மூலிகைதானே! மூலிகை என்று விற்கப்படும் மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் எனும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறார்கள். அது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதாவது, அடுத்த பக்கவாதத்துக்கு வழி திறக்கும்.

நம் சமுதாயம் இதில் தனிக் கவனம் செலுத்தக் காரணமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள். மூவினங்களில் நாம்தான் முதலிடம். அதே ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. எதிர்காலத்தில் இந்த இணைப்புச் சிகிச்சை மனிதர்களிடம் சோதிக்கப்படும்போது, நீரிழிவோடு நெடுநாள் வாழ்ந்தவர்களும், தாமதமாக வந்தவர்களும், தோட்டத்திலிருந்து வந்தவர்களும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வென்றாலும் நம்மிடம் வெல்லுமா என்று தெரியாது.

1974-ஆம் ஆண்டு நவம்பரில் இரப்பர் விலை சரிந்து, பாலிங்கில் ஆயிரக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் வீதிக்கு வந்தபோது, டிசம்பர் 3-ஆம் நாள் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்கள் அவர்களுக்காகத் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகச் சட்டம் இறுக்கப்பட்டது. நம்மிடம் இன்று யாரும் அந்த அளவு விலை கேட்கவில்லை. பேரவையினர் ஆண்டுதோறும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாமுக்குப் போகிறோம். அடுத்த முறை கெடாவுக்குப் போகும்போது மருத்துவம் படிக்கும் நான்கு பேரும் இரண்டு இரத்த அழுத்தக் கருவிகளும் உடன் வரட்டும். பிள்ளைகள் மண்டபத்தில் இருக்கும் நேரத்தில் வெளியே காத்திருக்கும் பெற்றோர், பாட்டி தாத்தாக்களின் கையில் கருவியைக் கட்டிப் பார்க்கலாம்.

கூடவே ஒரு தாள். முன்பக்கத்தில்: முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 999; எண்ணெய் வேண்டாம். பின்பக்கத்தில், ஊசி விற்க வருபவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: இது பதிவு பெற்ற சோதனையா, அதன் பதிவு எண் என்ன? இதே சிகிச்சை இதற்குமுன் எத்தனை மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது, முடிவு எங்கே அச்சானது? சோதனை என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? பெரியம்மா வாய்விட்டுப் படிக்கக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அச்சுச் செலவுக்கு முன்னாள் மாணவர்கள் யாரேனும் முன்வந்தால் செயற்குழுவிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.